அத்தான் இல்லாத குழுவை அழிக்காதே

என் பெருமதிப்புக்கும் பேரன்புக்கும் உரிய அக்காவுக்கு,

உன் உடன்பிறந்த தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. என் மனைவி நலமாகத்தான் இருக்கிறாள். நான் இருக்கும் லட்சணத்தைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். அங்கு நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமா, உன் முழங்காலுக்குப் புதுத் தைலம் கேட்கிறதா என்றெல்லாம் முறைப்படி விசாரிக்க வேண்டும். விசாரித்ததாக வைத்துக்கொள். முதலில் உன் போனை மேசைமேல் கவிழ்த்துவைத்துவிட்டு இரண்டு கையாலும் இந்தக் கடிதத்தைப் பிடித்துக்கொள். படித்து முடிக்கும்வரை போனைத் தொடாதே. நம் "அமைதிப் பூங்கா" குழுவில் ஒரு எழுத்தைக்கூட அழிக்காதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன், முழங்கால் வலிக்கிற காலாக இருந்தாலும் சரி.

இந்தக் காலத்தில் எவன் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறான் என்று நீ நினைப்பது எனக்குக் கேட்கிறது. என் போன் என்னிடம் இல்லை அக்கா. எங்கள் கம்பெனி வக்கீல் அம்மா அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை ஒட்டி, ஒட்டின இடத்தில் என்னிடமே கையெழுத்தும் வாங்கி எடுத்துப்போய்விட்டார். உங்கள் வீட்டு டெலிபோனுக்குக் கூப்பிட்டால் அத்தான்தான் எடுக்கிறார். நேற்று முன்தினம் "அக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்டேன். நாற்காலியில் எப்படி உட்கார்ந்தால் முதுகெலும்புக்கு நல்லது என்று ஆரம்பித்தார். நின்றுகொண்டே முழுவதையும் கேட்டதில் எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அதனால் ஆபீசில் உட்கார்ந்து இதை எழுதி, மாலையில் என் மனைவி கையில் கொடுத்து அனுப்புகிறேன். அத்தான் கதவைத் திறந்தால் தையல் மெஷினுக்கு ஊசி கேட்க வந்ததாகச் சொல்வாள். நீ பதறாமல் ஊசியைக் கொடுத்துக் கடிதத்தை வாங்கியிருப்பாய் என்று நம்புகிறேன்.

என் போனைப் பறித்ததற்கு முதல் நாள் நீ என்னைக் கூப்பிட்டுப் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. "டேய், கோர்ட்டாவது வக்கீலாவது! நான் மொத்தத்தையும் அழிச்சிட்டு, போனையும் அரிசி டப்பாவுல போட்டு மூடிடறேன். அந்த மனுஷன் கண்ணுல பட்டா நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டு அவருக்குக் காப்பி கொடுப்பேன்?" என்றாய். உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. போனை அரிசியில் போடுவது நனைந்த போனைக் காப்பாற்றுவதற்கு, அழிப்பதற்கு அல்ல என்று சொல்வதற்குள் நீ வைத்துவிட்டாய். அதனால் நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். கேட்டுவிட்டுத் திட்டு.

எங்கள் கம்பெனி லிஃப்ட் மாட்டிக்கொடுத்து, மாட்டின லிஃப்டைப் பராமரிக்கும் கம்பெனி என்பது உனக்குத் தெரியும். போன வருடத்துக்கு முந்தின வருடம் முதலாளி ஒரு கூட்டம் போட்டார். வாடிக்கையாளர்களின் போன் நம்பர், முகவரி, போட்டோ என்று எதையும் தேவைக்கு மேல் ஒரு நாள்கூட வைத்திருக்கக் கூடாதாம், வைத்திருந்தால் கம்பெனிக்கு அபராதமாம், அதைக் கவனிக்க ஒரு பொறுப்பாளர் வேண்டுமாம். "யார் செய்யறீங்க?" என்று கேட்டார். எல்லோரும் மேசையைப் பார்த்துக்கொண்டு கல்லாகிவிட்டார்கள். எனக்கு அந்த நேரம் பார்த்துத் தும்மல் வந்தது. அன்று மாலையே பழைய கேபிள் சுருள்கள் போட்டுவைக்கும் அறையின் கதவில் "தரவுப் பாதுகாப்புப் பொறுப்பாளர்" என்று பலகை மாட்டி என்னை உள்ளே தள்ளிவிட்டார்கள். பொறுப்பு என்று வந்துவிட்டால் நான் சும்மா இருப்பேனா? வெளியாள் முகம் தெரியும் எந்தப் போட்டோவும் ஆறு மாதத்துக்கு மேல் கம்பெனி கம்ப்யூட்டரில் இருக்கக் கூடாது என்று நானே விதி எழுதினேன். கம்ப்யூட்டர் தானாகவே அழித்துவிடும்படி ஏற்பாடும் செய்தேன். முதலாளி என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

ஆனால் அக்கா, நாம் யார் பிள்ளைகள்? எந்தப் பூட்டுக்கு என்றே தெரியாத சாவிகளையெல்லாம் டப்பா டப்பாவாகச் சேர்த்தவர் நம் அப்பா. எனக்கு ஒரு பொருளை அழிக்கச் சொன்னால் மனசு வராது. அழிவதற்கு முன்னால் முக்கியமானதாகத் தோன்றும் போட்டோக்களை எங்காவது பத்திரப்படுத்த வேண்டும். என் ஈமெயிலில் வைத்தால் தணிக்கைக்கு வருகிறவன் பார்ப்பான். என் போனில் மட்டும் வைத்தால் அது எப்போது கெட்டுப்போகுமோ. அப்போதுதான் அந்த அற்புத யோசனை வந்தது. நம் அமைதிப் பூங்காவில் போட்டுவிட்டால் எட்டுப் பேர் போனிலும் இருக்கும், எட்டு போனும் ஒரே நாளில் கெட்டுப்போகாது. நடுநடுவே நான் அனுப்பிய கம்பி, கப்பி, மோட்டார் படங்களைப் பார்த்து நீங்களெல்லாம் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தீர்கள். தங்கை மட்டும் ஒவ்வொன்றுக்கும் கைகூப்பும் படம் போட்டாள். நம்மையே இப்படி மோட்டார் படத்தைப் பார்த்துக் கும்பிட வைத்துவிட்டதே தரவுப் பாதுகாப்பு!

இப்போது வழக்கு. எட்டு மாடி ஆபீஸ் கட்டடம் ஒன்றில் எங்கள் லிஃப்ட் கம்பிக்கயிறு தேய்ந்துபோய், இரண்டு மாடிக்கு நடுவே சறுக்கி நின்றது. உள்ளே இருந்த கணக்காளர் ஒருவருக்குக் கணுக்கால் முறிந்தது. கயிறு தேய்ந்ததைத் தன் தரப்புக்குச் சொல்லவே இல்லை என்று கட்டட உரிமையாளர் எங்கள்மேல் வழக்குப் போட்டுவிட்டார். தோற்றால் முதலில் உருளப்போவது எங்கள் மெக்கானிக்கின் தலை. அவர் லைசென்ஸ் போய்விடும், அதற்கப்புறம் ஒரு ஸ்டூலில் ஏறி பல்பு மாட்டக்கூட யாரும் கூப்பிடமாட்டார்கள். அவர் என் அறைக்கு வந்து, சுருளின்மேல் உட்கார்ந்து, தொப்பியைக் கசக்கிக்கொண்டே சொன்னார்: "சார், அந்தக் கட்டட மேனேஜரை மோட்டார் ரூமுக்கே கூட்டிக்கிட்டுப் போயி கயித்தைக் காட்டினேன் சார். அவர் கண்ணாடியை நெத்திக்கு ஏத்திக்கிட்டு, குனிஞ்சு பார்த்தார். அதை அப்படியே போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பினேனே சார்." அவர் போன் அதற்குப் பிறகு லிஃப்ட் குழித் தண்ணீரில் விழுந்து செத்துவிட்டது. கம்பெனி கம்ப்யூட்டரில் தேடினோம். இல்லை. ஏன் இல்லை? மேனேஜர் வெளியாள், அவர் முகம் படத்தில் இருக்கிறது, ஆறு மாதம் ஆகிவிட்டது. நான் எழுதிய விதி அதைச் சுத்தமாக விழுங்கிவிட்டது. மெக்கானிக் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருந்தால் எனக்கு ஒரு வாரம் சோறு போட்டிருக்க மாட்டாய்.

எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. அந்தப் படம் அமைதிப் பூங்காவில் இருக்கிறது! சந்தோஷத்தில் வக்கீல் அம்மாவின் ஆபீசுக்கு ஓடினேன். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். மேனேஜரின் முகம், நெற்றிக் கண்ணாடி, அவர் மூக்குக்கு முன்னால் பிரிபிரியாகத் தொங்கும் கயிறு, எல்லாம் துல்லியம். "சார், நீங்க தெய்வம்" என்றார். பிறகு படத்துக்குக் கீழே பார்த்தார். குடும்பக் குழுவில் சும்மா ஒரு கயிற்றுப் படம் போட்டால் நன்றாக இருக்காதே என்று நான் அன்று ஒரு வரி சேர்த்திருந்தேன்: "இந்தக் கயிறுகூட ஒருநாள் நின்றுவிடும், அத்தான் பேச்சு நிற்காது." வக்கீல் அம்மா அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "அத்தான் யாரு?" என்று கேட்டார்.

சொல்லாமல் இருக்க முடியுமா? பொதுக் குடும்பக் குழுவில் யார் என்ன எழுதினாலும் அத்தான் வாயால் பேசி நீள நீளமாகப் பதில் அனுப்புகிறார், ஆரஞ்சுப் பழம் உரிப்பது எப்படி என்று உன் மகளுக்கு அவர் அனுப்பிய பேச்சைக் கேட்டு முடிப்பதற்குள் பழமே காய்ந்துவிட்டது, அதனால் அவருக்குத் தெரியாமல் அவரைத் தவிர மற்ற எல்லோரையும் சேர்த்து நீயே ஒரு குழு ஆரம்பித்தாய், பெயர் அமைதிப் பூங்கா, நாளடைவில் அங்கே அத்தானைத் தவிர வேறு எதைப் பற்றியும் நாங்கள் பேசுவதில்லை என்று ஒப்பித்தேன். "சரி, அதெல்லாம் வேண்டாம் மேடம், இந்த ஒரு படத்தை மட்டும் வெட்டிக் கொடுத்திடலாம்" என்றேன். அவர் சிரித்தார். "வெட்டிக் கொடுத்தா, மீதியில என்ன மறைக்கிறீங்கன்னு கேப்பாங்க. முழுசா கொடுக்கணும் சார். இனிமே அதுல ஒருத்தரும் எதையும் அழிக்கக் கூடாது, யாரையும் சேர்க்கக் கூடாது, நீக்கக் கூடாது. அழிச்சா சாட்சியத்தை அழிச்ச குத்தம், உங்க தலையிலதான் விழும்" என்றார். எட்டுப் பேருக்கும் வந்த நோட்டீஸ் அதுதான். உனக்கு வந்ததை நீ சமையலறை அலமாரியில் மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். எடுத்து ஒருமுறை படி.

குடும்ப மானத்தைக் காப்பாற்ற வழியே இல்லையா என்று கெஞ்சினேன். பெயர்களையெல்லாம் கறுப்படிக்கிற மென்பொருள் இருக்கிறது, அதில் போட்டுக் கொடுக்கலாம் என்றார். எனக்கு உயிர் வந்தது. போட்டுப் பார்த்தோம். உன் பெயர் கறுப்பு, தங்கை பெயர் கறுப்பு, உன் மகள் வளர்க்கும் பூனையின் பெயர்கூடக் கறுப்பு. ஆனால் நம் வீட்டில் எவன் அத்தானைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான்? பக்கத்துக்குப் பக்கம், வரிக்கு வரி, அத்தான், அத்தான், அத்தான் என்று பளிச்சென்று நிற்கிறது. மென்பொருளுக்கு அது பெயர் இல்லையாம், உறவாம். நீயோ "இவர்" என்றுதான் எழுதியிருக்கிறாய். "இவர் ரிட்டயர் ஆனதுக்கு எனக்குத்தான் பிரிவுபசார விழா வச்சிருக்கணும்" என்று நீ எழுதியதை வக்கீல் அம்மா சத்தம்போட்டுப் படித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பில்தான்.

சரி, உலகத்தில் எத்தனையோ அத்தான்கள், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு நம் அத்தான் யார் என்று எப்படித் தெரியும், படித்துச் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். நேற்று அந்தத் தேறுதலும் போயிற்று. இனிமேல்தான் அக்கா, உட்கார்ந்து படிக்க வேண்டிய பகுதி.

எதிர்த்தரப்பு வக்கீல்கள் எல்லாவற்றையும் தாங்களே படிப்பதில்லையாம். அதற்கென்றே ஒரு கம்பெனி இருக்கிறது. நேற்று வக்கீல் அம்மாவுடன் நானும் போய், நம் குழுவின் பிரதியை ஒரு சின்ன டிரைவில் வைத்து ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டேன். பெரிய கூடம், ஜன்னல் கிடையாது, ஆளுக்கு ஒரு திரை. போன், பை, பேனா எதுவும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. காலையிலிருந்து மாலைவரை மற்றவர்களின் கடிதங்களையும் செய்திகளையும் படித்து, வழக்குக்கு வேண்டும், வேண்டாம் என்று பொத்தானை அமுக்குவதுதான் வேலை. கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் சாப்பாட்டு மேசை. அங்கே ஒருவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாழைப்பழத்தை அடிஸ்கேலால் வட்டம் வட்டமாக நறுக்கிக்கொண்டிருந்தார். கத்திக்கு அனுமதியில்லை போலிருக்கிறது. உலகத்தில் வாழைப்பழத்தை நறுக்கித் தின்னும் மனிதர் ஒருவர்தான். 

ஆமாம் அக்கா, நம் அத்தானேதான். தினமும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு எங்கேயோ போகிறார், கேட்டால் "வெளியில சொல்லக்கூடாத வேலை" என்கிறார், நூலகத்து ஏசியில் தூங்கிவிட்டு வருகிறார் என்று நாம் அவ்வளவு கிண்டல் செய்தோமே. அவர் சொன்னது நிஜம். ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், நம்மைப்போல் இல்லாமல் காத்தும் இருக்கிறார். நான் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டு, தெரியாதவன்போல அங்கிருந்த மேற்பார்வையாளரிடம் "அந்தப் பெரியவர் யாரு?" என்று கேட்டேன். "அவரா? இன்சூரன்ஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவர். ஒரு வரி விடமாட்டார். குடும்பப் பேச்சு வந்தா அவர்கிட்டதான் தள்ளுவோம். மத்தவங்களுக்குச் சிரிப்பு வந்துடும், அவருக்கு வராது" என்றான். உள்ளே யாரும் பேசக் கூடாது என்பது விதியாம். "நாள் முழுக்க வாயே திறக்கமாட்டார் சார், அவ்வளவு அமைதியான மனுஷன்" என்றும் சொன்னான். நம் அத்தானை! எனக்குச் சிரிப்பு வர வேண்டும். வரவில்லை. நாள் பூராவும் வாயை மூடிக்கொண்டு ஊரார் சண்டையைப் படித்துவிட்டு வீட்டுக்கு வருகிற மனிதர், வந்ததும் யாரிடமாவது ஆரஞ்சு உரிப்பதைப் பற்றியாவது பேசவேண்டும்தானே. எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது அக்கா.

ஆக, நாளைக்கோ மறுநாளோ அமைதிப் பூங்கா முழுவதும் அவர் மேசைக்குப் போகிறது. நான் என்ன செய்வது? வக்கீல் அம்மாவிடம் சொன்னால் உறவுக்காரர் படிக்கக் கூடாது என்று ஆட்சேபிப்பார், அவரை எழுப்பி வெளியே அனுப்புவார்கள், ஏன் என்று அவர் கேட்பார், காரணத்தை எழுத்தில் கொடுப்பார்கள். வேலையும் போய் விஷயமும் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் ஒரு வரி விடாமல் படிப்பார். நீ அழித்தால்? பிரதிதான் அங்கே போய்விட்டதே, அவர் படிப்பதை அது தடுக்காது. என் வேலை போகும், படத்தின்மேலேயே சந்தேகம் வரும், அந்த மெக்கானிக்கின் பிழைப்பில் மண் விழும். அதனால் யோசித்து யோசித்து ஒரே ஒரு வழிதான் எனக்குத் தெரிகிறது. இன்று ராத்திரி சாப்பாடு ஆனதும் நீயே அவரிடம் சொல்லிவிடு. வழக்கைப் பற்றி வாயைத் திறக்காதே. இப்படி ஒரு குழு இருக்கிறது, அதில் நீங்கள் இல்லை, நாங்கள் விளையாட்டாகப் பேசினோம் என்று மட்டும் சொல். ஜன்னலில்லாத கூடத்தில் தனியாக உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொள்வதைவிட உன் வாயால் கேட்பது மேல். அழுகை வந்தால் அழு, அவருக்கு உன் அழுகை தாங்காது. இந்த நிமிஷத்திலிருந்து குழுவில் அத்தானைப் பற்றி யாரும் மூச்சு விடக் கூடாது. தங்கையிடமும் பிள்ளைகளிடமும் கண்டிப்பாகச் சொல்லிவை. பூரண மௌனம்.

வேறு விசேஷம் இல்லை. இதற்கு மேல் ஒரு விசேஷத்தைத் தாங்கும் உடம்பும் எனக்கு இல்லை. பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம், பூனைக்கு என் அன்பு, அத்தானுக்கு என் நமஸ்காரம். அதை மட்டும் அவரிடம் இப்போது சொல்லாதே, என்றும் இல்லாத நமஸ்காரம் எதற்கு என்று கேட்பார். உன் உடம்பைப் பார்த்துக்கொள். போனைத் தொடாதே.

இப்படிக்கு,
உன் கால்தூசிக்குக் காத்திருக்கும்
தம்பி

பின்குறிப்பு: மேலே எழுதியதெல்லாம் வீண். மத்தியானம் இதை மடித்து ஒட்டப்போன நேரத்தில் கதவு திறந்தது, பார்த்தால் அத்தான். நாளைக்கு என்று நான் கணக்குப் போட்டது தப்பு. நேற்று சாயங்காலமே அவர் மேசைக்குப் போயிருக்கிறது, இன்று காலையில் கடைசி வரிவரை படித்துவிட்டார். முதல் பக்கத்திலேயே யாரென்று தெரிந்திருக்குமே என்றதற்கு, "முழுசா படிச்சாதானே நான்தான்னு உறுதியா சொல்ல முடியும்" என்றார். படித்துவிட்டு மேற்பார்வையாளரிடம் எழுதியே கொடுத்திருக்கிறார்: "இதில் பேசப்படும் நபர் நான். சொல்லப்பட்டவை பெரும்பாலும் உண்மை. ஆகையால் இதை நான் மதிப்பிடுவது முறையாகாது." அவர்கள் அவருக்கு வேறு வழக்கைக் கொடுத்துவிட்டார்கள், வேலைக்கு ஆபத்தில்லை. மேனேஜரின் படம் எதிர்த்தரப்பின் கையில் கிடைத்த கொஞ்ச நேரத்தில் சமாதானம் பேசலாமா என்று அவர்களே வக்கீல் அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மெக்கானிக் பிழைத்தார்.

அத்தான் கேபிள் சுருளின்மேல் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். நான் என்னென்னவோ உளறினேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, "எனக்குக் கண் ஆபரேஷன் நடந்த வாரம் மட்டும் ஒருத்தரும் ஒண்ணும் எழுதலை. அதையும் கவனிச்சேன்" என்றார். அவ்வளவுதான் பேசினார் அக்கா. நம் அத்தான் அவ்வளவுதான் பேசினார்.  கிளம்பும்போது கதவைப் பிடித்துக்கொண்டு, "என்னை அதுல சேர்த்துக்க முடியுமா? நான் ஒண்ணும் பேசமாட்டேன், படிக்க மட்டும் செய்யறேன்" என்று கேட்டார். வழக்கு முடியும்வரை யாரையும் சேர்க்கக் கூடாது அத்தான் என்றேன். "தெரியும், தெரியும். முடிஞ்சதும் சேருங்க. அதுவரைக்கும் வழக்கம்போல எழுதுங்க. உங்க அக்காகிட்டயும் சொல்லு. திடீர்னு நிறுத்தினா எதையோ மறைக்கறீங்கன்னு எதிர்த்தரப்புக்குச் சந்தேகம் வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே அக்கா, அழவும் வேண்டாம், மௌனமும் வேண்டாம். இன்று ராத்திரியே அவரைப் பற்றிக் குழுவில் ஏதாவது கிண்டலாக எழுது. நானும் உனக்கு ஒன்று எழுதிக் கொடுக்கலாம் என்று இவ்வளவு நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றுமே வரமாட்டேன் என்கிறது.